பதினான்கு வயதுப் பிழைக்கு ஆயுள் தண்டனையா?



இணைய விளையாட்டில் ஏமாற்றுகிற இளையோருக்குத் தரப்படும் தண்டனை நியாயமே என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். "தப்பு செஞ்சவன் அனுபவிக்கணும்" என்று நாலு தடவை சொன்னார். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். ஐயா, அனுபவிக்க வேண்டாம் என்று நாங்கள் எங்கே சொன்னோம்? தண்டனையே கூடாது என்பது எங்கள் அணியின் வாதம் இல்லை. எத்தனை நாளைக்கு என்பதுதான் எங்கள் கேள்வி. விசாரிச்சீங்களா என்பது அடுத்த கேள்வி.

முன் வரிசையில் இருக்கிற அம்மாக்களுக்கு இது என்ன ஏமாற்று என்றே புரியாமல் இருக்கலாம். சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ துப்பாக்கி விளையாட்டு விளையாடுகிறான் பையன். எதிரியைக் குறி பார்த்துச் சுட வேண்டும். அதற்குக் கண்ணும் கையும் பழக வேண்டும். பழகுவதற்குப் பொறுமை இல்லாதவன் ஒரு சின்ன மென்பொருளை வாங்கி உள்ளே விட்டுவிடுகிறான். அதுவே குறி பார்க்கும், அதுவே திரும்பும். இன்னொரு வகை இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒளிந்திருக்கிறவனும் கண்ணுக்குத் தெரிவான். நாம் இதற்கு வைத்த பெயர் என்ன? அழுகுணி ஆட்டம்! (சிரிப்பு) பல்லாங்குழியில் சோழியை மடியில் மறைத்த பாட்டி, கோலியைக் காலால் நகர்த்திய அண்ணன், எல்லாரும் ஆடியதுதான். தெருவில் அதற்கு என்ன தண்டனை? "போடா, உன்னைச் சேத்துக்க மாட்டோம்." எத்தனை நாளைக்கு? மறுநாள் சாயங்காலம் ஆள் குறைகிற வரைக்கும்!

சிரிக்காதீங்க. இந்தத் தெருச் சட்டம்தான் இணையத்திலும் முதலில் வந்தது. அந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

அமெரிக்காவில் வால்வ் என்று ஒரு கம்பெனி. 'கவுண்டர் ஸ்ட்ரைக்' என்கிற துப்பாக்கி விளையாட்டு அவர்களுடையது. 2002ஆம் ஆண்டு, ஏமாற்றுகிறவர்களைத் தானாகவே கண்டுபிடிக்கிற காவல்கார மென்பொருள் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அகப்பட்டவனுக்கு ஆரம்பத்தில் என்ன தண்டனை தெரியுமா? 24 மணி நேரம் தடை. அவ்வளவுதான். நம்ம தெருவேதான்! பிறகு ஒரு வருஷம் ஆக்கினார்கள். பிறகு ஐந்து வருஷம். 2005இல் அந்தக் காவல்காரனின் இரண்டாம் பதிப்பு வந்தபோது, இனி விழுகிற தடை எல்லாம் நிரந்தரம் என்று ஆக்கிவிட்டார்கள். மூன்றே வருஷத்தில் ஒரு நாள் ஆயுள் ஆகிவிட்டது. குற்றம் அதேதான். குற்றவாளியும் அதே பள்ளிக்கூடப் பையன்தான். தண்டனை மட்டும் வளர்ந்துகொண்டே போயிருக்கிறது.

இதில் பேரம் கிடையாது, கருணை மனு கிடையாது. அந்தப் பையனுடைய பக்கத்தைத் திறந்தால் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி, இவன் தடை செய்யப்பட்டவன், தடை விழுந்து இத்தனை நாள் ஆகிறது என்று எழுதியும் வைப்பார்கள். அந்தக் காலத்து ராஜாக்கள் குற்றவாளியைக் கழுதையில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். அந்த ஊர்வலமாவது சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும்.

பின்லாந்து நாட்டில் ஒரு பையன். ஜாம்ப்பி என்று ஆட்டப் பெயர். அவனுக்குப் பதினான்கு வயதிருக்கும்போது அவன் திறந்த கணக்கு ஒன்றில் இந்தத் தடை விழுந்தது. "அந்தக் கணக்கை நான் நண்பனிடம் விற்றுவிட்டேன், ஏமாற்றியது நானில்லை" என்கிறான் அவன். உண்மையோ பொய்யோ, அது இருக்கட்டும். நான் அவனே ஏமாற்றினான் என்று வைத்துக்கொண்டே பேசுகிறேன். வளர்ந்து பெரிய ஆட்டக்காரன் ஆகிவிட்டான். அவனுடைய நாட்டிலேயே பேர் பெற்ற அணி அவனைச் சேர்த்துக்கொள்ள ஆசைப்பட்டது. ஆனால் வால்வ் நடத்துகிற பெரிய போட்டிகளில் அவன் ஆட முடியாது. ஏன்? பதினான்கு வயதுத் தடை! 2020இல் கோர்ட்டுக்குப் போனான். கோர்ட்டு அவன் பக்கம் தீர்ப்புச் சொல்லவில்லை. கடைசியில் அந்த விளையாட்டையே விட்டுவிட்டு வேறு விளையாட்டுக்குப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். 2021 ஏப்ரலில் அதே வால்வ் தன் விதியை மாற்றியது. பெரிய போட்டிகளில் ஆட ஆரம்பிப்பதற்கு முன்னால் வாங்கிய தடை ஐந்து வருஷம் பழசாகிவிட்டால், போட்டியில் ஆடலாம் என்று சொன்னது. எதிரணித் தலைவர் அவர்களே, ஆயுள் தண்டனை நியாயம் என்று நீங்கள் இந்த மேடையில் வாதாடுகிறீர்கள். தண்டித்த கம்பெனியே அதை நம்பவில்லையே! (கைதட்டல்)

பதினான்கு வயது என்றதும் தமிழ் வாத்தியாரான எனக்கு மகாபாரதம் நினைவுக்கு வராமல் இருக்குமா? ஆதி பருவத்தில் மாண்டவ்யர் என்று ஒரு முனிவர் வருகிறார். மௌன விரதத்தில் நிற்கிறார். திருடர்கள் சிலர் அவருடைய ஆசிரமத்தில் பொருளைப் பதுக்கிவிட்டு ஒளிந்துகொண்டார்கள். காவலர்கள் வந்து கேட்டார்கள். விரதத்தில் இருக்கிறவர் வாய் திறப்பாரா? இவனும் கூட்டாளி என்று பிடித்துக்கொண்டு போய்க் கழுவில் ஏற்றிவிட்டார்கள். தவத்தின் வலிமையால் உயிர் போகவில்லை. பின்னால் அவர் நேராகத் தருமராஜனிடம் போய்க் கேட்கிறார்: "நான் என்ன பாவம் செய்தேன்?" தருமன் ஏட்டைப் புரட்டிப் பார்த்துச் சொல்கிறான்: "சின்ன வயதில் பூச்சிகளைப் பிடித்துப் புல்லால் குத்தி விளையாடினீர். அதற்குத்தான்."

மாண்டவ்யருக்கு வந்ததே கோபம்! குழந்தை செய்த சிறு பிழைக்கு இவ்வளவு பெரிய தண்டனையா, நீ போய் மனிதனாகப் பிற என்று சபித்தார். அப்படிப் பிறந்தவன்தான் விதுரன். சாபத்தோடு அவர் விடவில்லை. பதினான்கு வயது வரைக்கும் செய்வது பாவக் கணக்கில் சேராது என்று ஒரு வரம்பையும் அங்கேயே போட்டுவிட்டார். எனக்குத் தெரிந்து சிறுவர் நீதிக்கு எல்லை கட்டிய மிகப் பழைய குரல்களில் அது ஒன்று. தர்மராஜனுக்கே அந்த கதி என்றால், கம்ப்யூட்டர் கம்பெனி எம்மாத்திரம்?

புராணம் பேசுகிறான் என்று எதிரணி அம்மா சிரிக்கிறார். சரி, சட்டம் பேசுவோம். நம் நாட்டில் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை குற்றம் செய்தால், அந்தக் குற்றம் அவனுடைய பிற்கால வாழ்க்கைக்குத் தகுதிக்குறைவாக ஆகக்கூடாது, பதிவுகளையும் உரிய காலத்தில் அழித்துவிட வேண்டும் என்று அதன் 24ஆம் பிரிவு சொல்கிறது. கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்களைப் போல விசாரிக்கப்படுகிற சில பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு. ஆக, சைக்கிள் திருடினவனுடைய ஏட்டை அழிக்கிறது அரசாங்கம். பொம்மைத் துப்பாக்கியில் திருட்டுத்தனமாகக் குறி பார்த்தவனுடைய ஏட்டை அழிக்க மாட்டேன் என்கிறது கம்பெனி.

"விதிகளை ஒப்புக்கொண்டுதானே உள்ளே வந்தான்" என்று எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தம்பி கேட்டார். நல்ல கேள்வி. நாற்பது பக்க நிபந்தனையை ஒரு பொத்தானில் ஒப்புக்கொள்கிறோமே, நம்மில் எத்தனை பேர் படித்தோம்? (சிரிப்பு) பதினாலு வயதுப் பையனா படிப்பான்? நம் சட்டப்படி வயது வராத பிள்ளை போட்ட ஒப்பந்தம் செல்லாது. இது நேற்று வந்த விஷயம் இல்லை. 1903இலேயே பிரிவி கவுன்சில் தீர்த்துவைத்தது. இதே வாதத்தை அமெரிக்காவில் ஒரு தாய் சொன்னார். 2017இல் 'ஃபோர்ட்நைட்' விளையாட்டை நடத்துகிற எபிக் கேம்ஸ், ஏமாற்றியதற்காகப் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் மேல் கோர்ட்டில் வழக்கே போட்டுவிட்டது. அந்த அம்மா நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அவன் மைனர், நான் சம்மதம் கொடுக்கவில்லை, சின்னப் பையன் பெயரை ஊருக்கெல்லாம் தெரியப்படுத்திவிட்டீர்களே என்று கேட்டார். கம்பெனி தரப்பையும் சொல்ல வேண்டும். ஏமாற்றுவதை அவன் வீடியோ எடுத்துப் போட்டான். அதை நீக்கச் சொன்னபோது மறுத்து எதிர்மனு கொடுத்தான். அதனால்தான் வழக்குப் போட வேண்டியதாயிற்று என்றது கம்பெனி. நீதிமன்றம் தாயின் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு, 2018இல் வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்தது. பையன் அடம்பிடித்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அடம்பிடிக்காத பதினாலு வயது எந்த வீட்டில் இருக்கிறது, கை தூக்குங்க பார்ப்போம்.

எதிரணித் தலைவர் சொன்னதில் ஒரு வாதம் கனமானது. அதைத் தாண்டிக் குதித்துப் போக நான் விரும்பவில்லை. ஃபோர்ட்நைட் ஆட்டத்தில் ஒரே நேரத்தில் 100 பேர் இறங்குகிறார்கள். ஒருத்தன் ஏமாற்றினால் 99 பேர் ஏமாறுகிறார்கள். அந்த 99 பேரும் நம்ம வீட்டுப் பிள்ளைகள்தானே என்றார். வாஸ்தவம். 2019 ஜூலையில் நியூயார்க்கில் நடந்த உலகக் கோப்பையில் பதினாறு வயதுப் பையன் 30 லட்சம் டாலர் பரிசு வாங்கினான். இவ்வளவு பணம் புழங்குகிற இடத்தில் காவல் இல்லாமல் முடியாது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதே 2019இல் நடந்ததைப் பாருங்கள். அந்த உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலேயே ஒருவர் எதிராளிகளோடு கூட்டுச் சேர்ந்து ஆடினார் என்று பிடிபட்டார். தண்டனை 14 நாள். திரும்பி வந்து, தகுதியும் பெற்று, நியூயார்க் மேடையில் ஆடினார். நவம்பரில் ஜார்விஸ் என்கிற பதினேழு வயது யூடியூப் பையன், குறி பார்க்கிற மென்பொருளை இன்னொரு கணக்கில் போட்டு, வேடிக்கை வீடியோ எடுத்தான். பரிசுப் போட்டியில் இல்லை, சாதாரண ஆட்டத்தில். தண்டனை ஆயுள் தடை. அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டு வீடியோ போட்டான். இரண்டும் ஒரே மாதிரியான ஏமாற்று இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் பரிசுப் பணம் கிடக்கிற இடத்தில் 14 நாள், பணமே இல்லாத இடத்தில் ஆயுள் என்றால் இது எந்த ஊர்த் தராசு?

இன்னொரு தராசு. 2018இல் ஷாங்காயில் நடந்த கவுண்டர் ஸ்ட்ரைக் போட்டியில், பரிசு மேடையிலேயே, நம் இந்திய அணி வீரர் ஒருவர் ஏமாற்று மென்பொருளோடு கையும் களவுமாகப் பிடிபட்டார். இருபது வயது தாண்டியவர். அணியே கலைந்தது. போட்டிகளின் நேர்மையைக் கவனிக்கிற அமைப்பு அவருக்குக் கொடுத்தது ஐந்து வருஷம். அதாவது விவரம் தெரிந்தவர் தேசத்தின் பேரில் போய்த் தப்பு செய்தால் முடிவுத் தேதி உண்டு!

சதுரங்கத்துக்கு வருகிறேன். அது நம்ம ஊர் விளையாட்டு, நமக்கு அதில் உரிமை ஜாஸ்தி. 2021 ஜூனில், கொரோனா நிவாரண நிதிக்காக நம் விசுவநாதன் ஆனந்த் பிரபலங்களோடு இணையத்தில் ஆடினார். ஒரு பெரிய தொழிலதிபர் ஆனந்தையே தோற்கடித்துவிட்டார்! ஊரே அதிசயித்தது. பிறகு, கம்ப்யூட்டரும் வேறு ஆட்களும் உதவினார்கள் என்று அவரே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். செஸ் டாட் காம் தளம் அவர் கணக்கை மூடியது. கொஞ்ச நாளில் திறந்தும் விட்டது. அது பரிசுப் புள்ளி இல்லாத நட்பு ஆட்டம், ஆனந்தும் பெரிதுபடுத்த விரும்பவில்லை. நல்லதுதான். நான் அதைக் குறை சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மை ஒரு கோடீசுவரருக்குக் கிடைக்குமானால் பத்தாம் வகுப்புப் பையனுக்கும் கிடைக்க வேண்டாமா என்றுதான் கேட்கிறேன்.

அமெரிக்காவின் ஹான்ஸ் நீமன் கதை இதைவிடச் சிக்கல். 2022 செப்டம்பரில் செயின்ட் லூயிஸ் நகரில், நேருக்கு நேர் பலகையில், உலகச் சாம்பியன் கார்ல்சனை அவர் தோற்கடித்தார். அப்போது அவருக்கு 19 வயது. மறுநாள் கார்ல்சன் போட்டியை விட்டே விலகிவிட்டார். உலகமே கிசுகிசுத்தது. நீமன் வெளிப்படையாகச் சொன்னார்: "பன்னிரண்டு வயதிலும் பதினாறு வயதிலும் இணையத்தில் ஏமாற்றியிருக்கிறேன். பலகையில் ஒருநாளும் இல்லை." இதில் கவனிக்க வேண்டியது, செஸ் டாட் காம் 2020லேயே அவர் கணக்கை மூடி, அவரும் ஒப்புக்கொண்டு, மறுபடி ஆட விட்டிருந்தது. அதாவது தண்டனை முடிந்த கைதி. கார்ல்சனை ஜெயித்த உடனே பழைய ஏட்டைத் தூசி தட்டி மறுபடியும் கதவைச் சாத்தினார்கள்! பிறகு அக்டோபரில் 72 பக்க அறிக்கை வெளியிட்டார்கள். 100க்கும் மேற்பட்ட இணைய ஆட்டங்களில் ஏமாற்றியிருக்கக்கூடும், அவர் சொன்னதைவிட ஜாஸ்தி என்றது அறிக்கை. எதிரணி அம்மா தலையாட்டுகிறார். சரி அம்மா, அவர் குறைத்துத்தான் சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் முதலில் அறிக்கை, பிறகு தண்டனை என்றல்லவா வர வேண்டும்? இங்கே கதவைச் சாத்தியது செப்டம்பரில், காரணம் சொன்னது அக்டோபரில். பலகையில் ஏமாற்றியதற்கு நேரடி ஆதாரம் அந்த அறிக்கையிலும் இல்லை. நீமன் 10 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 2023 ஜூனில் கோர்ட்டு அதைத் தள்ளியது. ஆகஸ்டில் சமரசம் ஆகி, செஸ் டாட் காம் அவரை மறுபடி சேர்த்துக்கொண்டது. சரியான காரணமில்லாமல் போட்டியை விட்டுப் போனதற்காகக் கார்ல்சனுக்கு உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 10,000 யூரோ அபராதம் போட்டது.

முதலில் தண்டனை, அப்புறம் விசாரணை. இந்தப் பழக்கம் மதுரைக்காரர்களுக்குப் புதிதா என்ன? (சிரிப்பு) பொற்கொல்லன் சொன்னான், பாண்டியன் கேட்டான், கோவலன் தலை போயிற்று. இன்றைக்குப் பொற்கொல்லன் இடத்தில் உட்கார்ந்திருப்பது காவல்கார மென்பொருள். அது பொய் சொல்லாது என்று இந்தத் தம்பி சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார். 2010 ஜூலையில் அதே வால்வின் மென்பொருள், 'மாடர்ன் வார்ஃபேர் 2' ஆடிய ஏறத்தாழ 12,000 பேரை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லித் தடை செய்தது. ஒருத்தரும் தப்பு செய்யவில்லை! கம்பெனித் தலைவர் மன்னிப்புக் கேட்டு, தடையை நீக்கி, ஆளுக்கு வேறொரு விளையாட்டை இனாமாகக் கொடுத்தார். பாவம், நெடுஞ்செழியனுக்கு அந்த வசதி இல்லை, உயிரைத்தான் கொடுக்க முடிந்தது. 2023 அக்டோபரிலும் இதே கூத்து. ஏஎம்டி கம்பெனி தன் வரைகலை அட்டைக்குக் கொடுத்த புது வசதியைப் போட்டுக்கொண்டவர்கள் மேல் தடை விழுந்தது. பன்னிரண்டாயிரம் பேர் கூட்டமாக மாட்டினால் கம்பெனிக்குக் காது கேட்கிறது. திருநெல்வேலியில் தனியாக மாட்டின ஒரு பையன் யாரிடம் போய்ச் சிலம்பை உடைப்பான்?

திருக்குறளில் 'வெருவந்த செய்யாமை' என்று ஓர் அதிகாரம். ஆராய்ந்து, திரும்ப நடக்காத அளவுக்குத் தண்டிக்கச் சொல்லி அதைத் தொடங்குகிறார் வள்ளுவர். அடுத்ததாக, ஓங்குவது பலமாக இருக்கட்டும், விழுவது மெல்ல இருக்கட்டும் என்கிறார். நீங்கள் ஓங்கவே இல்லை ஐயா, சத்தமில்லாமல் போட்டுவிட்டீர்கள்!

நம்ம வீட்டுக்குள் வருவோம். பப்ஜி மொபைலில் ஏமாற்றினால் பத்து வருஷத் தடை. பதினாலு வயதில் விழுந்தால் இருபத்துநாலில் முடியும். கல்யாணப் பத்திரிகையோடு போய்க் கணக்கைத் திறக்கலாம். (சிரிப்பு) அதன் இந்தியப் பதிப்பை நடத்துகிற கிராப்டன் 2021 டிசம்பரில் இன்னும் ஒரு படி மேலே போனது. ஏமாற்றியவனுடைய கணக்கு மட்டுமில்லை, ஏமாற்றிய செல்போனையே நிரந்தரமாகத் தடை செய்வோம் என்றது. அந்தக் கம்பெனிக்காரர்களுக்கு ஆளுக்கொரு போன் இருக்கும். நம்ம ஊரில் எத்தனை வீட்டில் ஒரே ஒரு போன்? அப்பா போன். அதில்தான் அண்ணன் விளையாடுகிறான், அதில்தான் தங்கை விளையாடுகிறாள். அண்ணன் அழுகுணி ஆட்டம் ஆடினால் தங்கைக்கும் கதவு சாத்து! அந்தப் போனைப் பர்மா பஜாரில் விற்றால், வாங்கினவனுக்கும் சேர்த்துத் தண்டனை.

இவ்வளவு தண்டனையும் யாருக்கு? வாங்கினவனுக்கு. விற்றவன் எங்கே? ஜப்பானில் 2014இலேயே 'சடன் அட்டாக்' விளையாட்டில் ஏமாற்றிய விவகாரத்தில் பதின்வயதுப் பையன்கள் மூன்று பேர் மேல் போலீஸ் நடவடிக்கை எடுத்தது. தென்கொரியா வேறு வழி பார்த்தது. 2016 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தில், ஏமாற்று மென்பொருளைச் செய்து பரப்புகிறவனுக்கு ஐந்து வருஷம் வரை ஜெயில், அல்லது 5 கோடி வோன் வரை அபராதம் என்று வைத்தார்கள். பீடிக் கடைக்காரனைப் பிடித்தால் பையன் வாயில் பீடி இருக்காது என்று கொரியாக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது.

நடுவர் ஐயா மணியைத் தேடுகிறார். இன்னும் ஒரே ஒரு தகவல். அந்த எபிக் கேம்ஸ், பதினாலு வயதுப் பையன் மேல் வழக்குப் போட்டதே, பதினேழு வயது ஜார்விசுக்கு ஆயுள் கொடுத்ததே, அதே கம்பெனி 2025இல் விதியை மாற்றிவிட்டது. முதல் தடவை ஏமாற்றினால் ஒரு வருஷம் தடை. மறுபடி ஏமாற்றினால்தான் ஆயுள். பழைய ஆட்களும் அந்த வழியில் திரும்பி வரலாம். ஜார்விஸ் திரும்பி வந்தபோது வயது இருபத்துமூன்று. மீசை முளைத்து, குரல் உடைந்து, ஐந்து வருஷத்துக்கு மேல் போயிருந்தது. தண்டித்தவர்களே தேதி போட்டுவிட்டார்கள். அடுத்து எழுந்து பேசப் போகிற எதிரணி அம்மா யாருக்கு வக்கீலாக நிற்கப் போகிறார் என்று கேட்கத்தான் நானும் ஆவலாக உட்காருகிறேன். மணி அடிச்சாச்சு. (கைதட்டல்)